நாலு மணிக்கு ஸ்ரீமதி கூப்பிடுவாள்

ஜூன் 3, செவ்வாய்

மறுபடியும். சாப்பிடப் போகும்போது லேப்டாப் மூடியைச் சாத்தினேன். கை கழுவிவிட்டு வந்து திறந்தால் நீலத் திரை, அதில் ஓர் அழுமூஞ்சிப் படம். கொஞ்ச நேரம் அழுதுவிட்டு அதுவாகவே அணைந்து, முதலிலிருந்து கிளம்புகிறது. கிரைண்டர் கையேட்டில் பாதிப் பக்கம் போயிற்று. பத்து வருடமாக இதுதான் என் தொழில். மிக்ஸி, கீசர், குக்கர் என்று எது வாங்கினாலும் கூடவே ஒரு சின்னப் புத்தகம் வருமே, யாரும் படிக்காமல் அலமாரியில் போடுவார்களே, அதைத் தமிழாக்குகிறவள் நான். ‘பிரச்சினை தொடர்ந்தால் அருகிலுள்ள சேவை மையத்தை அணுகவும்’ என்று எத்தனை முறை எழுதியிருப்பேன்! இன்று எனக்கே அது தேவைப்படுகிறது.

அருகில் எங்கே இருக்கிறது? வாங்கியது சிதம்பரத்தில், தெற்கு வீதிக் கடையில். தங்கை சௌந்தரத்துக்குக் கல்யாணப் புடவை எடுக்கப் போன அன்று, அவள்தான் பிடிவாதமாக வாங்க வைத்தாள். தையில் அவள் ஓசூர் போய்விட்டாள். மஞ்சக்குப்பம் வீட்டில் இப்போது லேப்டாப்பும் நானும்.

கடைக்குப் போன் செய்தேன். எடுத்தவள் பேர் ஸ்ரீமதி. குரல் சின்ன வயசாக இருந்தது. “கொண்டாரவே வேணாம்க்கா, இங்கேர்ந்தே பாக்கறேன். நாளைக்கு நாலு மணிக்குக் கூப்புடறேன். அப்பதான் கடையில கூட்டம் இருக்காது.”

ஜூன் 4, புதன்

சொன்னபடி கூப்பிட்டாள். ஏதோ ஒன்றை இறக்கச் சொல்லி, திரையில் வந்த எண்ணைக் கேட்டாள், சொன்னேன். அவ்வளவுதான், திரையில் அம்புக்குறி தானாக நகர ஆரம்பித்தது. நான் கையை மடியில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன். தைக்குப் பிறகு இந்த வீட்டில் என்னைத் தவிர வேறு யாரும் எதையும் நகர்த்தியதில்லை.

டிரைவர் என்று ஏதோ மென்பொருளாம், புதிதாகப் போட்டாள். அது ஏற நேரமாயிற்று. சும்மா இருக்க முடியவில்லை போலிருக்கிறது, “சாப்டீங்களாக்கா?” என்றாள்.

என்ன சாப்பிட்டேன் என்று யோசிக்க வேண்டியிருந்தது.

மூடித் திறந்தேன். அழுமூஞ்சி. “நாளைக்கு வேற ஒண்ணு பாப்போம்க்கா.”

ஜூன் 6, வெள்ளி

ஸ்ரீமதி கிள்ளையிலிருந்து தினம் கடைக்கு வருகிறாளாம். அப்பா பிச்சாவரத்தில் சுற்றுலாப் படகுக்குத் துடுப்புப் போடுகிறார். அந்தக் கடையில் ரிப்பேர் மேசையில் உட்கார்ந்த முதல் பெண் இவள்தானாம். “ஆறு மாசம் பாக்கறேன்னு மொதலாளி சொல்லியிருக்காரு. தேறலன்னா பழையபடி பில்லு போடத்தான்.” திரையில் ஏறுகிற கணக்கு நூறு சதவீதம் வருவதற்குள் இவ்வளவும் சொல்லிவிட்டாள். நானும் சொன்னேன். கல்யாணத்தன்று சௌந்தரம் அழவில்லை, நான்தான் சமையல்காரர்களுக்குப் பின்னால் நின்று அழுதேன். இதை யாரிடமும் சொன்னதில்லை.

அழுமூஞ்சி மாறவில்லை.

ஜூன் 10, செவ்வாய்

கடல் காற்றில் உள்ள உப்பாக இருக்குமோ என்கிறாள். மூச்சு விடுகிற எனக்கே ஒன்றும் ஆகவில்லை, அதற்கு என்ன?

காலையில் சௌந்தரம் ஒரு ரோஜாப் படம் அனுப்பினாள். ‘குட் மார்னிங்.’ நான் ஒரு செம்பருத்தி அனுப்பினேன். அக்காவும் தங்கையும் தினம் பேசிக்கொள்கிறோம் என்று இதற்குப் பெயர்.

ஜூன் 12, வியாழன்

கண்டுபிடித்துவிட்டேன். நானேதான்!

கரண்ட் போனால் உதவும் என்று போன மாதம் பஸ் ஸ்டாண்ட் கடையில் ஒரு குட்டி விசிறி வாங்கினேன். உள்ளங்கை அகலம். அதைச் செருக, நாலு துளை வைத்த ஒரு ஹப்பும் தந்தான். லேப்டாப்பிலிருந்துதான் அதற்கு மின்சாரம். இன்று மதியம் தூசி துடைக்க அதை ஹப்போடு கழற்றினேன். மூடியைச் சாத்தி, துடைத்து, திறந்தால் விட்ட வரியிலேயே விழித்திருக்கிறது லேப்டாப்! மறுபடி செருகிப் பார்த்தேன், நீலம். கழற்றினேன், சமர்த்தாக எழுந்தது. விசிறிதானே, அதற்கும் கம்ப்யூட்டருக்கும் என்ன என்று இருந்துவிட்டேன். ஸ்ரீமதிக்கு அங்கிருந்து என் மேசை தெரியுமா என்ன?

சந்தோஷமாக இருந்தது. கூப்பிட்டதும் சொல்லிவிட வேண்டும் என்று காத்திருந்தேன். சொன்னால் என்ன ஆகும்? “சூப்பர்க்கா” என்பாள். வைத்துவிடுவாள். நாளைக்கு நாலு மணிக்கு?

நாலு அடிப்பதற்குக் கொஞ்சம் முன்னால் விசிறியை மறுபடி செருகினேன்.

ஜூன் 13, வெள்ளி

பொய் ஒன்றும் சொல்லவில்லையே. “எப்டிக்கா இருக்கு?” என்றாள். மூடித் திறந்தேன், நீலத் திரையில் நின்றது. நின்றது என்றேன்.

ஜூன் 17, செவ்வாய்

எல்லா டிரைவரையும் எடுத்துவிட்டுப் புதிதாகப் போட்டாள். அது ஓடுகிற நேரத்தில் இறால் தொக்கு வைக்கும் பக்குவம் சொன்னாள். “எண்ணெ பிரியறப்ப மூக்குக்கே தெரிஞ்சிடும்க்கா, மணியப் பாத்துக்கினு நிக்க வேணாம்.” என் கையேடுகளில் ஒன்றிலாவது இப்படி ஒரு வரி உண்டா?

ராத்திரி தொக்கு வைத்தேன். ஒரு ஆளுக்கு ஜாஸ்திதான்.

ஜூன் 19, வியாழன்

ஸ்ரீமதியின் குரலே சரியில்லை. என்னவென்று கேட்டேன்.

“ஒரு லேப்டாப்பப் பாக்கத் தெரியல, இதுக்கு ரிப்பேர் மேச கேக்குதான்னு மொதலாளி கேட்டுட்டாருக்கா. எல்லாரும் பாத்துக்கினு நிக்கறாங்க.” மூக்கை உறிஞ்சினாள். “சனிக்கெழம நேர்ல கொண்டாரீங்களா? அதுலயும் ஆவலன்னா நானே பில்லு மேசைக்குப் போயிடறேன்.”

போனை வைத்ததும் விசிறியை ஹப்போடு பிடுங்கி எறிந்தேன். கட்டிலுக்கடியில் போய் விழுந்தது.

என்னடி பண்ணி வச்சிருக்க மாலதி? ஒரு பொண்ணு பொழப்புல வெளையாடற. பேச ஆள் வேணும்னா, பேச ஆள் வேணும்னு வாயத் தொறந்து கேக்கறது. அத வுட்டுட்டு — சீ.

ஜூன் 20, வெள்ளி

விசிறியை வீட்டிலேயே விட்டுவிட்டால்? அங்கே லேப்டாப் ஒழுங்காக எழும். தானாகச் சரியாகிவிட்டது என்று சொல்லலாம். யாருக்கும் தெரியாது. அவளுக்கும் தெரியாது. நாலு மணிக்கு எப்போதாவது சும்மாகூடக் கூப்பிடுவாள்.

கட்டிலுக்கடியில் குனிந்து எடுத்துப் பையில் வைத்தேன். எடுத்தேன். மறுபடி வைத்தேன்.

ஜூன் 21, சனி

பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தது. மடியில் லேப்டாப். கீழ வீதியில் தேரோட்டத்துக்காகத் தேர்களின் மேலிருந்த தகரத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். வேடிக்கை பார்ப்பதுபோல் அங்கேயே கொஞ்ச நேரம் நின்றேன். நேரத்தைக் கடத்தினேன், வேறொன்றும் இல்லை.

நான் நினைத்ததைவிட ஸ்ரீமதி ஒல்லி. தடித்த கண்ணாடி. என்னைப் பார்த்ததும் எழுந்து, உட்கார நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். “மாலதிக்காவா? குரல வச்சு ஒசரமா இருப்பீங்கன்னு நெனச்சேன்.”

மேசையில் வைத்து மூடித் திறந்தாள். எழுந்தது. மறுபடி. மறுபடியும் எழுந்தது. முதலாளி கொளஞ்சியப்பன் வந்து நின்றார்.

“நல்லாத்தான இருக்குது? இதுக்கா இத்தினி நாளு போன்ல பேசிக்கினு இருந்த?”

“இல்ல சார், நெசமாவே நின்னுச்சு. நீங்க சொல்லுங்கக்கா.”

என்னைச் சாட்சிக்கு அழைக்கிறாள்! என்னை!

பையிலிருந்து விசிறியை ஹப்போடு எடுத்துச் செருகினேன். மூடித் திறந்தேன். நீலம். “இதுதாங்க காரணம். போன வாரமே எனக்குத் தெரியும். இவகிட்ட சொல்லல. சரியாயிட்டா கூப்புட மாட்டாளேன்னு சொல்லல. இவ மேல தப்பு ஒண்ணும் இல்ல.”

அவர் என்னை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தார். “என்னாம்மா நீங்க” என்று மட்டும் சொல்லிவிட்டுக் கல்லாவுக்குப் போய்விட்டார். திட்டியிருந்தால் தேவலை.

ஸ்ரீமதி விசிறியைக் கழற்றி, வயரைச் சுற்றி, லேப்டாப்போடு பையில் வைத்துக் கொடுத்தாள். “ஹப்புதான் கோளாறு, அது மட்டும் வேற வாங்கிக்குங்க. இனிமே கூப்புட வேண்டியதில்ல.” அக்கா என்று சொல்லவில்லை.

ஜூன் 23, திங்கள்

நாலு மணி. லேப்டாப் நன்றாக எழுகிறது.

ஜூன் 26, வியாழன்

கிரைண்டர் கையேட்டை முடித்து அனுப்பினேன். மூடித் திறந்து, மூடித் திறந்து பார்க்கிறேன். ஒரு குறையும் இல்லை. எரிச்சலாக வருகிறது.

ஜூன் 28, சனி

ரோஜா வந்தது. செம்பருத்தி அனுப்பாமல் சௌந்தரத்தைக் கூப்பிட்டேன். “என்னக்கா, ஒடம்புக்கு முடியலையா?” என்று பதறினாள். நான் கூப்பிட்டாலே பதறுகிற அளவுக்கு விட்டிருக்கிறோம். தனியா இருக்கக் கஷ்டமா இருக்குடி என்றேன். எனக்கும் இங்க யாரும் இல்லக்கா என்றாள்.

ஜூலை 4, வெள்ளி

நாலு மணிக்கு நானே கூப்பிட்டேன். எடுக்க மாட்டாள் என்றுதான் நினைத்தேன்.

“என்ன, மறுபடி நின்னுடுச்சா?”

“இல்ல. நல்லா இருக்கு. கம்ப்ளெயின்ட் ஒண்ணும் இல்ல ஸ்ரீமதி. சாப்டியான்னு கேக்கத்தான் கூப்ட்டேன்.”

கையிலிருந்த எதையோ டொக்கென்று கீழே வைத்தாள்.

“எனக்குக் கோவம் இன்னும் போவல” என்றாள்.

“போவ வேணாம். மெதுவா போவட்டும்.”

“இன்னும் சாப்புடல. காலையிலேர்ந்து வேல.” பின்னாலிருந்து கொளஞ்சியப்பன் கத்துவது கேட்டது: “ஸ்ரீமதி, அந்தக் காலேஜ் பையன் லேப்டாப்பப் பிரிச்சிட்டியா?” அவள் அங்கே ஏதோ பதில் சொன்னாள். ரிப்பேர் மேசையில்தான் இருக்கிறாள்.

“இருங்கக்கா, வச்சிடாதீங்க. இத ஒரு நிமிஷம் பாத்துட்டு வரேன்.”

நான் வைக்கவில்லை. போனைக் காதில் இடுக்கிக்கொண்டு அடுப்பில் டீக்குத் தண்ணீர் வைத்தேன்.