மந்தாரைக்குத் தண்ணீர்

மார்ச் 4
நாத்தனார் ஒரு மந்தாரைக் கன்றை வாசலில் இறக்கிவிட்டுப் போனாள். "எதையாவது வளர்த்தா மனசு லேசாகும், அண்ணி." மகன் போனதிலிருந்து ஆளாளுக்கு மருந்து சொல்கிறார்கள். இவள் மருந்து கூரை வரை வளருமாம்.

மார்ச் 5
சமையலறை ஜன்னலுக்கு எதிரே அவர் குழி தோண்டினார். நான் கன்றைப் பிடித்துக்கொண்டேன். மண்ணைத் தள்ளும்போது அவர் கை ஒரு நொடி நின்றது. எனக்கும் அவனுக்கு மண் போட்ட ஞாபகம்தான். சொல்லவில்லை. இந்த வீட்டில் பேச்சு நின்று மாசக்கணக்காகிறது.

மார்ச் 19
தண்ணீர் ஊற்றினேன். மூக்குக்கண்ணாடிக் கடை வேலைக்குப் போனேன். நாலு பேருக்குக் கண்ணாடி மாட்டிவிட்டேன்.

ஏப்ரல் 11
இலை மஞ்சளாகிறது. வெயில் தாங்கவில்லை போல. இன்னொரு வாளி ஊற்றினேன்.

ஏப்ரல் 23
இலை கொட்டுகிறது. அழுகை வரவில்லை. வர வேண்டாமா? போனால் போகட்டும் என்றுகூடத் தோன்றியது. சீ, நானெல்லாம் என்ன ஜென்மம்.

மே 2
கடையில் கரண்ட் இல்லை, மத்தியானமே வந்துவிட்டேன். அவர் அச்சகத்துக்குக் கிளம்பும் நேரம். இஸ்திரி போட்ட சட்டையோடு, கையில் ஹோஸ் பைப்போடு கன்றின் பக்கத்தில் குனிந்திருந்தார். "குடிடா கண்ணா, குடி" என்கிறார்.

என்னைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டார்.

"நான்தான் காலையிலயே ஊத்துறேனே," என்றேன்.

"தினமுமா?"

"தினமும்."

"நானும் தினமும்தான்."

வேரடியில் விரலை விட்டேன். சேறு. நாற்றம்.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?" என்றார்.

நீங்க சொன்னீங்களா? எதையாவது சொன்னீங்களா? அன்னிக்கு ஆஸ்பத்திரியிலேருந்து வந்து அவன் செருப்பை எடுத்து உள்ளே வெச்சீங்களே — அப்பவாவது வாயைத் திறந்தீங்களா? கத்திவிட்டேன். பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும். கேட்கட்டும்.

அவர் வேலைக்குப் போகவில்லை.

மே 20
மேடாக மண் போட்டு மாற்றி நட்டோம். பிழைக்கும் என்று இரண்டு பேருமே சொல்லவில்லை.

ஜூன் 14
பட்டுப்போய்விட்டது. சேர்ந்தே பிடுங்கினோம்.

"அடுத்ததை எங்க வைக்கலாம்?" என்றார்.

"சுவர் ஓரமா வேண்டாம். அவன் பந்து உதைச்ச கறை மறைஞ்சுடும்."

"நானும் அதைத்தான் நினைச்சேன்."

"நினைச்சதைச் சொன்னாத்தானே தெரியும்?"

கையிலிருந்த மண்ணைத் தட்டிவிட்டுப் படியில் உட்கார்ந்தார். "சொல்றேன், உட்காரு," என்றார்.

உட்கார்ந்தேன்.