ஏழு நீலத் தீற்றல்கள்

அன்புள்ள அம்மா,

நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். எதையும் கூட்டவோ மறைக்கவோ மாட்டேன்.

இன்று பள்ளி மண்டபத்தில் பெற்றோர் கூட்டம். வீட்டிலிருந்து யாராவது வந்து கையெழுத்துப் போட்டால்தான் விசாகப்பட்டினம் அறிவியல் முகாமுக்குப் போக முடியும். நீ குவைத்தில் இருக்கிறாய். அப்பா வரும் நிலையில் இல்லை. நூகாலு சின்னம்மாவிடம் மட்டும் பேச்சுவாக்கில் சொல்லியிருந்தேன். டாக்டர் மகள் லாஸ்யாவுக்கு இரண்டு மதிப்பெண் குறைந்ததற்கே நான்கு பேர் வந்து தேற்றிக்கொண்டிருந்தார்கள். நான் கடைசி பெஞ்சில் கணக்குப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போது ரப்பர் பூட்ஸ் சத்தம் கேட்டது. இறால் உரிக்கும் கொட்டகையிலிருந்து சின்னம்மாவும் உன் பழைய தோழிகள் ஆறு பேரும் ஷிப்ட் முடிந்த கையோடு வந்திருந்தார்கள்!

"இவங்கள்ல அம்மா யாரு?" என்று டீச்சர் கேட்டார்.

"அவ ஒருத்தி இடத்த நிரப்ப நாங்க ஏழு பேரு வேண்டியிருக்கு, டீச்சரம்மா," என்றாள் சின்னம்மா.

எல்லோரும் கைநாட்டு வைத்தார்கள். நாளெல்லாம் ஐஸில் ஊறிய விரல்கள் அல்லவா, ஒருவர் ரேகையும் விழவில்லை. தாளில் ஏழு நீலத் தீற்றல்கள்தான்.

"சந்தேகம்னா மோந்து பாருங்க. எறா வாசம் பொய் சொல்லாது!" என்று விரலை நீட்டினாள் சின்னம்மா.

மண்டபமே சிரித்தது, லாஸ்யாவும்தான். டீச்சர் அனுமதிச் சீட்டைக் கொடுத்துவிட்டார். நான் தலைகுனிந்திருந்ததில் என் கணக்குப் புத்தகம் கொஞ்சம் நனைந்துவிட்டது, காய்ந்துவிடும்.

"வீட்ல எல்லாரும் எப்படி இருக்கீங்க?" என்று டீச்சர் சும்மாதான் கேட்டார். அவர்களை யாரும் அப்படிக் கேட்டதில்லை போலும். ஏழு பேரும் உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். லாஸ்யா வீட்டார் போய் ஒரு மணி நேரமாகிறது. இவர்கள் இன்னும் சொல்கிறார்கள், சிரிக்கிறார்கள். டீச்சரும் பையைக் கீழே வைத்துவிட்டார். பக்கத்தில் இருந்துதான் இதை எழுதுகிறேன். இப்போது வாட்ச்மேன் விளக்குகளை ஒவ்வொன்றாக அணைக்கத் தொடங்கிவிட்டார். யாரும் எழுந்திருக்கவில்லை.

உன் மகள்