சூடான தரையில் மிளகாய்

இன்சுக் அப்பாவுக்கு,

புயல் போய் நான்கு நாளாகிறது. வெயில் மண்டையைப் பிளக்கிறது. உங்கள் அண்ணன் வீட்டில் மட்டும் இன்னும் மழையா?

"புயல் இந்தப் பக்கமே வராது, என் முழங்கால் சொல்லுது" என்று படுத்துக்கொண்டவர் நீங்கள். கொட்டும் மழையில் மாடியேறி, கிம்ச்சி ஊறுகாய்க்குக் காயப்போட்ட மிளகாய் முழுவதையும் அள்ளி வந்தவள் நான். குளிர்காலத்தில் செய்வதுபோல் தரையை அடியிலிருந்து சூடேற்றி, படுக்கையறையில் பரப்பாமல் வேறெங்கே பரப்புவது? இருமினீர்கள், சரி. அதற்காக, "மிளகாயோடயே குடும்பம் நடத்து" என்று சொல்லிவிட்டுக் குடையையும் எடுத்துக்கொண்டு போவதா? வீட்டில் இருந்ததே அந்த ஒரு குடைதான்.

பக்கத்து வீட்டு ஓக்பூன் தினமும் கேட்கிறாள்: "என்னக்கா, மிளகாய்க்கு இடம் குடுத்துட்டு மனுஷன விரட்டிட்டியா?" சிரித்து மழுப்ப வேண்டியிருக்கிறது.

மிளகாய் மறுநாளே மாடிக்குப் போய்விட்டது. இப்போது குலுக்கினால் விதை கலகலக்கிறது. அறையை மூன்று முறை துடைத்துவிட்டேன், நெடி துளியும் இல்லை. எனக்குத்தான் அங்கே படுத்தால் இன்னும் கண் எரிகிறது. மிளகாய்தான், வேறொன்றுமில்லை.

இனிப் பத்து நாளைக்கு மழையே கிடையாதாம். ஆனாலும் எனக்கு அந்தக் குடை உடனே வேண்டும். வேறு யாரிடமும் கொடுத்தனுப்ப வேண்டாம்.

இப்படிக்கு,
உங்களோடு மாரடிக்கிறவள்