மூலையில் நிற்கும் கட்டை

ஷார்ஜா, 14.3.2003

அன்புள்ள சாகிராவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ் காவலில் நான் சுகம். அத்தாவைப் பெரம்பலூருக்குக் கூட்டிப்போய் முட்டிவலியைக் காட்டினாயா?

நான் மெஷின் பார்க்கும் பௌலிங் கூடத்தில் எங்களுக்குள் போட்டி வைத்தார்கள். பரிசு, ஊருக்குப் போய்வர விமான டிக்கெட். பந்தை உருட்டிப் பத்துக் கட்டைகளைச் சாய்க்க வேண்டும். மிச்சம் நின்றால் இன்னொரு பந்து உண்டு. மற்றவர்கள் முதல் பந்திலேயே எல்லாம் விழ வேண்டும் என்று ஓங்கி உருட்டி, மிச்சத்தைக் கோட்டை விட்டார்கள். நானோ தினமும் கட்டைகளை அடுக்கும் மெஷினைச் சோதிக்க மூலையில் ஒரு கட்டையை மட்டும் நிறுத்தி உருட்டுகிறவன். அந்தப் பழக்கத்தில் ஒரு மிச்சமும் விடாமல் ஜெயித்துவிட்டேன்.

மேனேஜர் ஜமால், காரைக்கால்காரர், நம்பவில்லை. "என்ன பாய், மெஷினுக்குள்ள கை வெச்சியா?" என்றார். தன் கையாலேயே மூலைக் கட்டையை நிறுத்தி, "இப்ப அடி" என்றார். அடித்தேன். விழுந்த கட்டையை எடுத்து அடிப்பாகத்தைத் தடவிப் பார்த்தார். "கேமராவப் பாத்துட்டுச் சொல்றேன்" என்று மெஷின் அறைச் சாவியையும் வாங்கிக்கொண்டார். வேறொன்றுமில்லை, கவலைப்படாதே.

பிள்ளை ஆஃப்ராவின் கால் அளவை நூலில் எடுத்து உறையில் வைத்து அனுப்பு. செருப்பு வாங்கத்தான். நானே கொண்டு வருவேன் என்று மட்டும் அவளிடம் இப்போது சொல்லிவிடாதே.

டியூட்டிக்கு வண்டி வந்துவிட்டது.

காதர் பாட்சா