ஆறு கடிதாசிக்குப் பெறவு

முத்தையாபுரம்
வெள்ளிக்கிழமை

அத்தான்,

உங்க போனுக்கு வாட்ஸ்அப்புல அனுப்புனா ஒத்த டிக்தான் விழுது. அதான் காகிதத்துல எழுதுதேன்.

டைப்பிங் வேலை ஓடுது. இப்போ வந்திருக்கது அமெரிக்காவுல இருநூத்தம்பது வருசத்துக்கு முந்தின ஊர்ப்படை கேப்டன் ஒருத்தரோட காகிதங்க. ஸ்கேன்ல இருக்கத அப்படியே அடிக்கணும், ஒரு எழுத்தையும் திருத்தக் கூடாது.

படைப் பட்டியல்ல அவர் பேருக்கு நேரா, 'அக்டோபர் ஒன்பது, ஆற்றில் மூழ்கினார்'னு இருக்கு. அவர் பொண்டாட்டி நம்பல. அதுக்குப் பெறவும் அவருக்கு ஆறு கடிதாசி எழுதியிருக்கா.

எங்க அண்ணன், தாலியறுத்தவளுக்குப் போடுத கோடிச்சேலையோட வந்து நின்னான். "ஏளா, மாப்ள மாலத்தீவுக்குப் போன அந்தத் தோணியில ஒருத்தனும் திரும்பல. ஊரு என்ன சொல்லும்?" கத்தி வெரட்டிட்டேன். சேலைய நடுவீட்டுலயே போட்டுட்டுப் போயிட்டான்.

நேத்து மத்தியானம் அடுத்த தாளத் தொறந்தேன். டிசம்பர் மாசத் தேதி. கேப்டனோட அதே சாஞ்ச கையெழுத்து. ஓரமெல்லாம் தண்ணி பட்டு மை கலங்கியிருக்கு.

'ஆறு கடிதங்களும் கிடைத்தன. கதவைத் தாழிடாதே. வருகிறேன்.'

அந்தக் காலத்துல தேதிய தப்பாப் போட்டிருப்பாங்கன்னு சூப்பர்வைசர் சொல்லுதார். நான் உள்ளபடியே அடிச்சிட்டேன்.

இது நான் உங்களுக்கு எழுதுத ஆறாவது கடிதாசி. கதவத் தாழ் போடல. ஈரத்தோடயே உள்ள வாங்க. இத்தன நாளு எங்க இருந்தீங்கன்னு கேக்க மாட்டேன்.

இப்படிக்கு,
இன்னும் பொட்டு வச்சிருக்கவ