இரண்டு மனுக்களும் ஒரே கையெழுத்தில் இருப்பது குறித்து

அனுப்புநர்:
மனு எழுதுபவர்,
உரிமப் பிரிவு அலுவலக வாசல்,
படிக்கு இடப்புறம் உள்ள மேசை.

பெறுநர்:
உரிம அலுவலர் அவர்கள்,
மேற்படி அலுவலகம், முதல் மாடி.

பொருள்: மூன்று தொழிலிடங்களில் டீ மெஷின் வைக்க அனுமதி கோரியது – ஆட்சேபணையின் பேரில் நிறுத்தி வைக்கப்பட்டது – கையெழுத்து பற்றி விளக்கம் கேட்கப்பட்டது – விளக்கம் அளித்தலும், ஆட்சேபணையைத் தள்ளுபடி செய்யக் கோருதலும்.

பார்வை: 1. எனது விண்ணப்பம். 2. தேநீர் விற்பவரின் ஆட்சேபணை மனு. 3. தங்கள் குறிப்பாணை.

மதிப்பிற்கும் பொறுமைக்கும் உரிய ஐயா,

1. தங்கள் குறிப்பாணை கிடைத்தது. விண்ணப்பமும் அதற்கு எதிரான ஆட்சேபணையும் ஒரே நபரின் கையெழுத்தில் உள்ளன என்றும், ஏழு நாட்களுக்குள் விளக்கம் தராவிட்டால் ஆட்சேபணைதாரர் நேரில் அழைத்து விசாரிக்கப்படுவார் என்றும் அதில் கண்டுள்ளது. இதைக் கண்டுபிடித்தவர் பிரிவு எழுத்தர் என்று அறிகிறேன். பதினேழு வருடமாக என் கையெழுத்தில் வந்த மனுக்களைக் கட்டுக் கட்டாகக் கட்டி அலமாரி மேல் போட்டவர், கடைசியில் இரண்டையாவது பிரித்துப் பார்த்திருக்கிறாரே என்பதில் மகிழ்ச்சி. அவர் சந்தேகம் சரி. இரண்டையும் எழுதியவன் நான்தான்.

2. என்னைத் தாங்கள் அறிவீர்கள். தங்கள் வண்டி நிற்கும் இடத்திலிருந்து நாலடி தள்ளி என் மேசை இருக்கிறது. ஒரு காலத்தில் இந்த மேசைக்கு முன்னால் வரிசை நிற்கும். இப்போது எல்லாரும் கைபேசியிலேயே விண்ணப்பித்துவிடுகிறார்கள். போன வாரம் முழுக்க வந்தவர்கள் மூன்று பேர். ஒருவர் பேனா இரவல் கேட்டார். ஒருவர் கழிப்பறை எந்தப் பக்கம் என்று கேட்டார். மூன்றாமவர் மனு எழுதத்தான் வந்தார். எழுதி முடித்ததும் அதைப் படம் எடுத்துக்கொண்டு, தாளை மேசையிலேயே விட்டுவிட்டுப் போனார். வயிறு என்று ஒன்று இருக்கிறதே, ஐயா. ஆகவே தொழிலை மாற்றிக்கொள்ளும் எண்ணத்தில் மூன்று டீ மெஷின்கள் கடனுக்கு வாங்கினேன். பாலும் தூளும் சர்க்கரையும் நிரப்பி வைத்தால் பொத்தானை அழுத்தியதும் ஊற்றும். மூட்டு வலிக்கிறது என்று படியில் உட்காராது. ஊர்க்கதை பேசாது.

3. விதிப்படி அச்சகம், அதே கட்டடத்தின் மூன்றாம் மாடியில் உள்ள தையல் கூடம், எதிரே உள்ள பல் மருத்துவமனை ஆகிய மூன்று இடங்களிலும் சம்மதக் கடிதம் பெற்றேன். மூவரும் மறுப்பின்றிக் கையொப்பமிட்டார்கள். அச்சக முதலாளி மட்டும், "மெஷின் வைங்க, எனக்கென்ன. ஆனா கெட்டில் அக்காகிட்ட யாரு சொல்றது? நம்மால ஆகாதுப்பா" என்றார். தையல் கூட மேற்பார்வையாளர் அம்மா கையொப்பம் போட்ட பிறகு பேனாவை மூடாமலே உட்கார்ந்திருந்து, "அவங்க மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்" என்றார். பல் டாக்டர், தான் விடுப்பில் போகும் நாளில் கொண்டுவந்து வைத்துவிடும்படி கேட்டுக்கொண்டார். ஆக மூவரும் விதித்த நிபந்தனை ஒன்றே: அக்காவிடம் நாங்கள் சொல்ல மாட்டோம். நானும் சொல்லப் போவதில்லை என்று உறுதியளித்தேன். இன்றுவரை அதைக் காப்பாற்றி வருகிறேன்.

4. கெட்டில் அக்கா எனப்படும் ஆட்சேபணைதாரர், இருபத்திரண்டு வருடமாக இரண்டு கெட்டில்களைத் தூக்கிக்கொண்டு, காலை பதினோரு மணிக்கும் மாலை நாலு மணிக்கும் மேற்படி மூன்று இடங்களிலும் தங்கள் அலுவலகத்திலும் தேநீர் கொடுத்து வருபவர். கைவிற்பனைச் சீட்டு வைத்திருப்பவர். அப்படிச் சீட்டு வைத்திருப்பவர் புழங்கும் இடத்தில் இயந்திரம் வைக்க வேண்டுமானால் அவருடைய ஆட்சேபணையைக் கேட்க வேண்டும் என்பது விதி. அவர் என் உடன்பிறந்த அக்கா. இதை நான் விண்ணப்பத்தில் மறைத்ததாகக் கருத வேண்டாம். அதற்கான கட்டம் தங்கள் படிவத்தில் இல்லை.

5. அக்காவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தன் பெயரை மட்டும் எழுதுவார். அதுவும் நான் சொல்லிக் கொடுத்தது. சிறு வயதில் நான் எழுதுவதைப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து பார்ப்பார். "எறும்பு போற மாதிரி என்னமா வரிசையா போகுது" என்பார். என் கையெழுத்தை அழகு என்று முதலில் சொன்னவர் அவர்தான். நான் உட்கார்ந்திருக்கும் மேசையை வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான். இவை இம்மனுவுக்குத் தொடர்பற்றவை.

6. இனி, ஆட்சேபணை மனு எழுதப்பட்ட விவரம். ஒரு நாள் பதினோரு மணி டீயைத் தங்கள் அலுவலகத்தில் கொடுத்துவிட்டு இறங்கியவர், என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். அன்று அதிசயமாக ஒருவர் முன்னால் காத்திருந்தார். அக்கா அவருக்குப் பின்னால் வரிசையில் நின்றார். முறை வந்ததும், "தம்பி, எவனோ மெஷின் கொண்டாந்து வைக்கப் போறானாம். தையல் கூடத்துப் பொண்ணுங்க சொல்லிச்சு. எனக்கு ஒரு மனு எழுதிக் குடுடா. நீ எழுதினா கேக்காம இருக்க மாட்டாங்க" என்றார். அந்த எவனோ யார் என்று அவருக்குத் தெரியாது. எழுத மாட்டேன் என்றால் ஏன் என்று கேட்பார். ஆகவே எழுதினேன்.

7. ஏனோதானோ என்று எழுதியிருக்கலாமே என்று தாங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அந்த எண்ணத்தில்தான் தாளை எடுத்தேன். ஆனால், ஐயா, கை கேட்கவில்லை. பதினேழு வருடப் பழக்கம். அக்கா சொன்னது ரெண்டே வரி: "நான் எங்க போவேன்னு கேளு. வேற ஒண்ணும் வேண்டாம்." நான் அதை ஐந்து பத்தியாக்கினேன். நான்காம் பத்தியை எழுதும்போது எனக்கே கண் கலங்கியது. படித்துக் காட்டியபோது அக்கா, "இதெல்லாம் நானா? ரொம்பப் பெரிய ஆளா ஆக்கிட்ட" என்று சிரித்தார். தங்கள் நிறுத்தி வைப்பு உத்தரவில், "ஆட்சேபணையின் நான்காம் பத்தி ஆழ்ந்து பரிசீலிக்கத்தக்கது" என்று குறிப்பிட்டிருக்கிறீர்கள். நன்றி. இத்தனை வருடத்தில் என் எழுத்தை மெச்சி இந்த அலுவலகத்திலிருந்து வந்த முதல் வார்த்தை அது. அது என் தலையிலேயே விழுந்ததுதான் எரிச்சலாக இருக்கிறது.

8. எழுதியவன் என்ற முறையில் அந்த மனுவின் பலவீனங்கள் எனக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது. ஆகவே கீழ்க்கண்டவற்றைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன்.

(அ) "மூட்டு தேய்ந்த நிலையிலும் மூன்று மாடி ஏறுகிறார்" என்று அதில் உள்ளது. உண்மை. இறங்கும்போது கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் இறங்குகிறார். அப்படிப்பட்டவரை இனி ஏற வேண்டாம் என்று சொல்வதுதானே கருணை? மெஷின் வந்தால் அவர் ஏற வேண்டியதில்லை. அனுமதி தராமல் அவரைப் படியேற வைத்துக்கொண்டிருப்பது தங்கள் அலுவலகம்தான் என்பதைப் பணிவுடன் சுட்டிக்காட்டுகிறேன்.

(ஆ) "யாரையும் அண்டிப் பிழைக்காதவர்" என்று உள்ளது. இதுவும் உண்மை. அவரை அண்டித்தான் நான் பிழைக்கிறேன். இருப்பது அவர் வீடு, தின்பது அவர் சோறு. அவர் வருமானம் நின்றால் முதலில் அடி விழுவது என் தட்டில். அதைத் தாங்கிக்கொள்ள நான் தயாராக இருக்கும்போது மற்றவர்கள் ஏன் வருந்த வேண்டும் என்று விளங்கவில்லை.

(இ) "அவர் கைப்பக்குவத்துக்கு நிகரில்லை" என்பது நான் சேர்த்தது. சில மாதங்களுக்கு முன் ஒரு நாள் பல் மருத்துவமனையில் அக்கா கொடுத்த தேநீரில் சர்க்கரைக்குப் பதில் உப்பு இருந்தது. கண்ணில் புரை விழுந்திருக்கிறது, டப்பா மாறிவிட்டது. அன்று குடித்தவர்கள் ஏழு பேர். டாக்டர் உட்பட ஏழு பேரும் ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்து, டம்ளரைக் கழுவித் திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. "அக்காவுக்குத் தெரிஞ்சா ஒடஞ்சு போயிடுவாங்க, சொல்லிடாதீங்க அண்ணா" என்று அங்குள்ள நர்ஸ் என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார். அந்தச் சத்தியம் அக்காவிடம் சொல்லக் கூடாது என்பதுதான். அலுவலரிடம் சொல்லக் கூடாது என்று இல்லை. பொதுச் சுகாதாரத்தை முன்னிட்டு இதைப் பதிவு செய்கிறேன். விசாரணை என்று ஒன்று நடந்தே தீர வேண்டுமானால், ஏழு பேரையும் வைத்துக்கொண்டு முதலில் இதை அவரிடம் கேட்கலாம். அதற்குப் பிறகு அவர் கெட்டிலைத் தொட மாட்டார். என் அக்காவைப் பற்றி எனக்குத் தெரியும்.

9. மெஷின்கள் மூன்றும் தற்போது பெட்டி பிரிக்காமல் அக்கா வீட்டு முன்னறையில் நிற்கின்றன. நண்பன் ஒருவனின் துணி துவைக்கும் மெஷின்கள், இடம் கிடைக்கும் வரை இருக்கட்டும் என்று சொல்லி வைத்திருக்கிறேன். அறையை அடைத்துக்கொண்டதால் அக்கா அடுப்படியில் படுக்கிறார். பிறத்தியார் பொருள் பாழாகக் கூடாது என்று தன் போர்வையை எடுத்து அவற்றின் மேல் மூடியிருக்கிறார். தினமும் காலையில் தூசி தட்டுகிறார். தங்கள் உத்தரவு தாமதமாகும் ஒவ்வொரு நாளும் அவர் அடுப்படியில் படுக்க நேர்கிறது என்பதையும் கருத்தில் கொள்ள வேண்டுகிறேன்.

10. இவ்வளவு விளக்கத்துக்கும் அவசியம் இல்லாதபடி, ஆட்சேபணையைத் திரும்பப் பெறும் கடிதத்தை ஆட்சேபணைதாரரின் கையொப்பத்துடன் இணைத்துள்ளேன். அதுவும் என் கையெழுத்தில்தான் இருக்கிறது; அதற்கு இன்னொரு குறிப்பாணை அனுப்ப வேண்டாம். கையொப்பம் பெற்ற விவரம் வருமாறு: இன்று காலை அக்கா பால் காய்ச்சிக்கொண்டிருந்தார். தாளை நீட்டினேன். "மெஷின் விஷயமாவா?" என்று கேட்டார். ஆமாம், அது விஷயமாகத்தான் என்றேன். இதில் பொய் எதுவும் இல்லை. "எங்க போடணும், காட்டு" என்றார். காட்டினேன். பால் பொங்கிவிடப் போகிறது என்று அடுப்பைப் பார்த்துக்கொண்டே, ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு போட்டார். என்ன எழுதியிருக்கிறது என்று அவர் கேட்கவில்லை. கேட்காததற்குப் பதில் சொல்லும் வழக்கம் எனக்கு இல்லை.

11. கையொப்பம் போட்ட பிறகு அவர் சொன்ன ஒன்றை, எதையும் மறைத்தேன் என்ற பேச்சு வரக் கூடாது என்பதற்காகப் பதிவு செய்கிறேன். "அந்த மெஷின்காரனைப் பத்தி ரொம்பக் கடுமையா எழுதிடாதடா. அவனும் வயித்துப்பாட்டுக்குத்தானே அலையறான். பாவம்" என்றார். பிறகு எனக்கு ஒரு டம்ளர் டீ கொடுத்தார். சர்க்கரை சரியாக இருந்தது. அவர் கேட்டுக்கொண்டபடியே கடிதத்தில் மெஷின்காரனைப் பற்றிக் கடுமையாக எதுவும் எழுதப்படவில்லை.

12. ஆகவே ஐயா அவர்கள் தயைகூர்ந்து, விசாரணையை ரத்து செய்து, மூன்று இடங்களிலும் இயந்திரம் வைக்க எனக்கு அனுமதி வழங்குமாறும், இனி இதுபோன்ற ஆட்சேபணை எழாதிருக்க ஆட்சேபணைதாரரின் கைவிற்பனைச் சீட்டை அவர் கண் பார்வையைக் காரணம் காட்டி ரத்து செய்யுமாறும் கேட்டுக்கொள்கிறேன். ரத்து உத்தரவை அவர் பெயருக்குத் தபாலில் அனுப்பினால் போதும். எங்கள் வீட்டுக்கு வரும் கடிதங்களை அவருக்குப் படித்துக் காட்டுபவன் நான்தான். இதையும் நிறுத்தி நிதானமாகப் படித்துக் காட்டுவேன். மேல்முறையீடு செய்ய வேண்டும் என்றால் அவர் வேறு யாரிடமும் போக மாட்டார்; என்னிடம்தான் வருவார்.

தங்கள் நல்ல உத்தரவை எதிர்நோக்கி, வாசலிலேயே காத்திருக்கும்,

(கையொப்பம்)
மனுதாரர்

நாள்: குறிப்பாணை கிடைத்த ஆறாம் நாள், முற்பகல்
இடம்: தங்கள் அலுவலக வாசல்
இணைப்பு: ஆட்சேபணையைத் திரும்பப் பெறும் கடிதம் – 1
எழுதியவர்: மனுதாரரே

பின்குறிப்பு: பதினோரு மணிக்கு டீ வரும் நேரத்தில் இந்த மனுவைத் தங்கள் மேசைமேல் திறந்து வைக்க வேண்டாம் என்று தனிப்பட்ட முறையில் வேண்டுகிறேன். டம்ளரை வைக்க இடம் பார்த்துக் குனிவார். இதில் உள்ள ஒரு எழுத்தும் அவருக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் என் கையெழுத்தை எங்கே பார்த்தாலும் அவருக்கு அடையாளம் தெரியும். யாருக்காக எழுதினான் என் தம்பி என்று தங்களிடம் ஆசையாகக் கேட்பார்.