எட்டாம் வகுப்புக்கு ஒரு தெரு

செந்தூர் முருகன் துணை

தூத்துக்குடி,
1948 சித்திரை 6

அன்பும் மரியாதையும் உள்ள அத்தானுக்குச் செல்லக்கனி எழுதிக்கொண்டது.

நானும் வடிவும் பொன்னுதுரையும் சுகமாக வந்து சேர்ந்தோம். கொழும்புப் புறக்கோட்டையில் நீங்களும் கடை ஆட்களும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று முருகனைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். தலைமன்னார்க் கப்பலில் பொன்னுதுரை வாந்தி எடுத்து, முன்னால் நின்ற ஒரு பெரியவரின் சலவை வேட்டியைக் கெடுத்துவிட்டான். அவர் நல்ல மனுஷர், நம்மைத் திட்டாமல் கடலைத் திட்டினார். மற்றபடி பிரயாணத்தில் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

உங்கள் அண்ணாச்சி ரயிலடிக்கு வண்டி கொண்டு வந்திருந்தார். அவர் வீட்டில் சுடலைமாடத்தி அக்கா கருப்பட்டிப் பணியாரம் சுட்டு வைத்துக் காத்திருந்தார்கள். கவனிப்பில் குறையே இல்லை. எதிர்வீடு காலியாகத்தான் இருக்கிறது, தம்பி குடும்பத்துக்கு அதைத் தருகிறேன், வேறு எங்கேயும் தேட வேண்டாம் என்று அண்ணாச்சி சொல்கிறார். தெரு முழுக்க நம் உடன்குடி ஆட்கள். நல்ல தண்ணீர்க் குழாய் முக்கிலேயே இருக்கிறது. பையன்கள் பள்ளிக்கூடம் கூப்பிடு தூரம், பொன்னுதுரைக்கு வசதி.

ஒரு சந்தோஷச் செய்தி. வந்த நாலாம் நாள் வடிவு பெரிய மனுஷி ஆகிவிட்டாள். அக்கா பின்கட்டில் அவளுக்குத் தனியாக இடம் ஒதுக்கி, உளுந்தங்களியும் நல்லெண்ணெயுமாகப் பார்த்துக்கொள்கிறார்கள். சடங்கை இங்கேயே விமரிசையாக நடத்தலாம், நீங்கள் வர முடியாவிட்டாலும் முறைக்குத் தான் இருப்பதாக அண்ணாச்சி உங்களுக்கு எழுதச் சொன்னார். எழுதிவிட்டேன்.

கோட்டை ரயிலடியில் நீங்கள் சொல்லிவிட்ட வார்த்தை எனக்கு நினைவில் இருக்கிறது. வீடு பார்க்கும் காரியத்தை நிதானமாகச் செய்கிறேன். மேல்விலாசம் எழுதிக் கொடுக்க அண்ணாச்சி கடைக் கணக்கர் காத்திருக்கிறார். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். வெந்நீரில் குளியுங்கள்.

இப்படிக்கு,
செல்லக்கனி

*

செந்தூர் முருகன் துணை

தூத்துக்குடி,
வைகாசி 2

அன்புள்ள அத்தானுக்கு,

இந்தக் கடிதம் தபாலில் வரவில்லை. கருப்பட்டி ஏற்றிக்கொண்டு கொழும்புக்கு வரும் தோணியை ஓட்டும் தண்டல் கையில் கொடுத்தனுப்புகிறேன். காற்று முற்றுவதற்கு முன் தோணிக்கு இது கடைசி ஓட்டமாம். இதை நீங்கள் தனியாக வாசியுங்கள்.

என் முதல் கடிதத்தைக் கணக்கர் அண்ணாச்சிக்கு வாசித்துக் காட்டிவிட்டுத்தான் ஒட்டினார். நீங்கள் போட்ட பதிலும் கடைக்கு வந்து, சாக்கு தைக்கிறவர் வரைக்கும் கேட்டு முடித்த பிறகு என் கைக்கு வந்தது. அண்ணன் சொல்படி நட என்று நீங்கள் எழுதியிருந்ததை எனக்கு முன்னால் தெருவே தெரிந்துகொண்டது. நான் யாரையும் குறை சொல்லவில்லை. புருஷன் பெயரைப் பெண்சாதி சொல்லவும் கூடாது, எழுதவும் கூடாது. உறைமேல் உங்கள் பெயரை எழுத ஓர் ஆம்பிளை வேண்டியிருக்கிறது. எழுதுகிறவருக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கத் தோன்றத்தானே செய்யும். அதனால்தான் அந்தக் கடிதத்தில் பணியாரத்தைப் பற்றியெல்லாம் எழுதினேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். சடங்கு நல்லபடியாக நடந்தது. அது முடிந்த மறுநாளே அக்காவின் அண்ணன் மகன் பெண் கேட்டுத் தாம்பாளத்தோடு வந்து உட்கார்ந்துவிட்டான். கமிஷன் கடையில் நிற்கிறான், கெட்ட பையன் இல்லை. ஆனால் வடிவுக்குப் பதிமூன்று வயது, அத்தான். அண்ணாச்சி என்னைக் கூப்பிட்டு, "கொளும்புல ஏழு வரைக்கும் படிச்சிட்டால்லா, போதும். இனிமே பொஸ்தகத்தத் தூக்கிக்கிட்டு ரோட்டுல போனா தெரு சிரிக்கும்" என்றார். கல்யாணத்துக்குத் தை மாதம் என்று குறித்து வைத்திருக்கிறார். உங்களுக்கும் எழுதப் போவதாகச் சொன்னார்.

வடிவு அழவில்லை. பின்கட்டில் இருந்த நாளெல்லாம் கதவுக்கு அந்தப் பக்கம் இருந்தபடியே பொன்னுதுரைக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தாள். என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள், "இங்க பள்ளிக்கூடம் எப்பம்மா தொறப்பாங்க?" அதற்குப் பதில் தெரிந்துகொள்ளத்தான் நான் தெருத்தெருவாக அலைந்தேன்.

பிள்ளைகள் படிப்புக்குத் தோதான இடமாகப் பார்த்து வீடு பிடி என்று நீங்கள் ரயிலடியில் சொன்னீர்கள். பிள்ளை என்று சொல்லவில்லை, பிள்ளைகள் என்றுதான் சொன்னீர்கள். வீடு பார்க்கிறவர்கள் கிணற்றைப் பார்ப்பார்கள், கொல்லையைப் பார்ப்பார்கள். நான் பள்ளிக்கூடம் விடுகிற நேரத்தில் தெருவைப் பார்த்தேன். கோடை விடுமுறைக்கு மூடுவதற்கு முன்னால் தினம் ஒரு தெருவில், கீரை வாங்குகிறவள் போலவும் கோவிலுக்கு வழி கேட்கிறவள் போலவும் நின்று, புத்தகத்தோடு வீடு திரும்பும் பெண்பிள்ளைகளில் யார் மூத்தவள் என்று கவனித்தேன். எங்கே பெரிய பெண் நடந்து வருகிறாளோ அங்கே வடிவும் நடக்கலாம்.

நம் தெருவில் வந்த பெண்களில் உயரமானவள் என் இடுப்புக்கு வந்தாள். அவளுக்கு மேற்பட்டதெல்லாம் ஜன்னல் கம்பிக்கு அந்தப் பக்கம். ரயிலடிப் பக்கம் போய்ப் பார்த்தேன். மில் சங்கும் கரிப்புகையும் தாங்கலாம், ஆனால் அங்கே பையன்களைத் தவிர யாரையும் காணவில்லை. கிழக்கே, கடலுக்குப் போகிற தெரு ஒன்றில்தான் தாவணி போட்ட பெண்கள் நாலு பேர், மார்போடு புத்தகத்தை அணைத்துக்கொண்டு, நடுத்தெருவில் சிரித்துப் பேசிக்கொண்டு வந்தார்கள். ஒருத்திக்குப் பதினாறு வயதாவது இருக்கும். யாரும் அவர்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. மாடு கூட விலகவில்லை. எனக்குக் கண் கலங்கிப் போனது, கீரைக்காரி பார்த்துவிடக் கூடாது என்று விலை பேச ஆரம்பித்தேன்.

அந்தத் தெருவில் இன்னாசியம்மாள் என்று ஒரு விதவை, தன் வீட்டின் பாதியை வாடகைக்கு விடுகிறார். வேதக்காரர், மாதா கோவிலுக்குப் போகிறவர். இந்தத் தோணித் தண்டல் அவர் தம்பிதான். "ஏளா, மீன் காயுத வாசம் வரும். உப்புக் காத்துல சுவரு உதிரும். பொறவு எங்கிட்ட வந்து மூக்கப் பொத்தப்படாது" என்று முதலிலேயே சொல்லிவிட்டார். கொழும்பில் எங்கள் கடைக்கு எதிரே எட்டுக் கருவாட்டுக் கடை என்று சொன்னதும் முகம் இளகியது. குழாய் கொஞ்சம் தள்ளித்தான், குடம் சுமக்க வேண்டும். சுமப்பேன். பொன்னுதுரைக்கும் நடை கூடுதல். நடக்கட்டும், கால் இருக்கிறது.

அவருக்கு ஒரே ஒரு தயக்கம். "புருசங்கிட்ட கோவிச்சுக்கிட்டு வந்தவளுக்கு வீடு குடுத்தேன்னு நாளைக்கு ஊரு என்னச் சொல்லப்படாது. ஒம் புருசன் கடுதாசி ஒண்ணு இந்த வாசலுக்கு வரட்டும். தபால்காரன் ஒம் பேரச் சொல்லிக் கூப்பிடட்டும். அது போதும்" என்கிறார். அதில் நியாயம் இருக்கிறது. விலாசத்தைத் தண்டல் வாயால் சொல்லுவார். உடனே எழுதுங்கள்.

நான் படித்தது அஞ்சு வகுப்பு. என்னை நிறுத்தியபோது எனக்காக யாரும் தெரு பார்க்கவில்லை. கொழும்பில் என் கையெழுத்தைக் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் காட்டிப் பெருமைப்படுவீர்களே, அது அஞ்சோடு நின்ற கை.

செல்லக்கனி

*

செந்தூர் முருகன் துணை

தூத்துக்குடி,
வைகாசி 24

அன்புள்ள அத்தானுக்கு,

தண்டல் கடிதத்தை உங்கள் கையிலேயே கொடுத்ததாகத் திரும்பி வந்து சொன்னார். நீங்கள் அதை வாசித்துவிட்டுக் கல்லாவில் வைத்துப் பூட்டினீர்களாம். அவருக்குச் சாப்பிடப் பாணும் தேங்காய்ச் சம்பலும் வாங்கிக் கொடுத்தீர்களாம். சந்தோஷம். ஆனால் பதில் கடிதம் இன்னாசியம்மாள் வாசலுக்கு வரவில்லை, அண்ணாச்சி கடைக்குத்தான் வந்தது. யோசித்து எழுதுகிறேன், அதுவரை அண்ணன் வீட்டிலேயே இருக்கட்டும் என்று எழுதியிருந்தீர்கள். அதையும் எல்லோரும் கேட்டார்கள்.

யோசியுங்கள். நாங்கள் குடி வந்தாயிற்று.

வெள்ளிக்கிழமை காலையில் நான் அண்ணாச்சி முன்னால் போய் நின்று, தலையைக் குனிந்துகொண்டுதான், ஆனால் தெளிவாகச் சொன்னேன். உங்கள் தம்பி ரயிலடியில் எனக்குச் சொன்ன வேலை ஒன்று இருக்கிறது, அதை முடிக்கப் போகிறேன் என்றேன். அவர் சத்தம் போடவில்லை. "வேதக்காரங்க மத்தியில கொண்டுபோய் வச்சா நாளைக்கு இவள எவன் கெட்டுவான்? என் தம்பி பேரு கெட்டா நீயா வந்து நிமித்தப் போற?" என்று கேட்டார். அவர் கண் சிவந்திருந்தது. அவருக்கு வடிவுமேல் பாசம் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டேன். வண்டி ஏறும்போது அக்கா ஓலைக் கொட்டானில் கருப்பட்டியைக் கொண்டுவந்து என் மடியில் வைத்து, "போ ஏளா, போய்ச் சேரு" என்றார்கள்.

இங்கே சுவர் நிஜமாகவே உதிர்கிறது. பொன்னுதுரை தினமும் பெருக்கி, சுண்ணாம்பைக் குவித்து வைத்து விற்கலாமா என்று கேட்கிறான், உங்கள் பிள்ளைதான். துறைமுகத்துக் கப்பல் சங்கு கேட்டால் ஓடிப்போய்ப் பார்க்கிறான், நீங்கள் வருகிறீர்களா என்று. கப்பல் தூரத்திலேயே நின்றுவிடும், ஆட்கள் படகில்தான் வருவார்கள் என்று சொல்லியும் கேட்கவில்லை.

அந்தத் தாவணிப் பெண்கள் படிக்கிற மிஷன் பள்ளிக்கூடத்துப் பெரிய டீச்சர் ஜெபகனி அம்மாள் வடிவை உட்கார வைத்து இங்கிலீஷும் கணக்கும் கேட்டார். எட்டாம் வகுப்பில் சேரலாம் என்று சொல்லிவிட்டார். அவர் முன்னால் நான் ஒரு நிபந்தனை போட்டேன், ஜெப நேரத்தில் என் மகள் கண்ணை மூடி முருகனைக் கும்பிட்டுக்கொள்வாள் என்று. "கண்ண மூடின பிள்ள யாரக் கும்பிடுதுன்னு நான் எட்டிப் பாக்கதில்ல" என்று சிரித்தார். இதை அண்ணாச்சிக்கு நீங்களே எழுதிச் சொல்லுங்கள். நான் சொன்னால் நம்ப மாட்டார், அவருக்கு அந்தப் பயம்தான் பெரிது.

ஆனி பிறந்ததும் பள்ளிக்கூடம் திறக்கிறது. இன்னாசியம்மாள் அதுவரை பார்ப்பேன் என்று சொல்லியிருக்கிறார். அதற்குள் உங்கள் கடிதம் வராவிட்டால் வீட்டைக் காலி செய்யச் சொல்லுவார். சொன்ன வார்த்தை மாறாதவர். காலி செய்தால் போவதற்கு எதிர்வீடு ஒன்றுதான் உண்டு, அங்கே போனால் தை மாதம் வந்துவிடும். இதற்கு மேல் எனக்கு எழுதத் தெரியவில்லை.

நீங்கள் அண்ணனை மீறியதில்லை என்று எனக்குத் தெரியும். மீறச் சொல்லவில்லை. அவரோடு சண்டை போட்டு நாலு பக்கம் எழுத வேண்டாம். சுகம், சுகமறிய ஆவல் என்று இரண்டு வரி போதும். அதைக் கடைக்குப் போடாமல் இந்த வாசலுக்குப் போடுங்கள்.

இந்த உறைமேல் உங்கள் பெயரை எழுதியது கணக்கர் இல்லை. மகள் அப்பா பெயரை எழுதலாம், அதற்குத் தடை இல்லை. உங்கள் பெயரை இங்கிலீஷில் எழுதிவிட்டு, ஊர்ப் பெயரையும் கடைத் தெருவையும் எழுதி, ஒருமுறை ஊதிக் காய வைத்தாள். பின்பக்கம் எங்கள் விலாசத்தையும் அவளே எழுதியிருக்கிறாள். அதைப் பார்த்து அப்படியே எழுதுங்கள், பிழை இருக்காது.

முருகன் உங்களுக்குத் துணை இருக்கட்டும். தபால்காரர் இந்தத் தெருவுக்குக் காலையில் வருகிறார். வடிவு இப்போதே தலை பின்னிக்கொண்டு அந்த நேரத்துக்கு வாசலில் போய் நிற்கிறாள்.

இப்படிக்கு உங்கள்,
செல்லக்கனி